சீல் வைத்த கவர்

அத்தியாயம் 7

ராஜஸ்ரீக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவாள். எதிரில் இருப்பவர் முகம் மங்கலாகத் தெரிந்தால் கை நீளாது என்பது அவள் கண்டுபிடித்த வழி. அந்த வியாழக்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்கு, ஜகதியில் அனந்தரேகா டயக்னாஸ்டிக்ஸ் எம்.டி.யின் ஏசி அறையில் வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் கண்ணாடி மேஜைக்குப் போய்விட்டது.

"வெறும் கையெழுத்துக்கு என்னை எதுக்குக் கூப்பிட்டேள் மாமா? சாலைக் கடைத்தெருவிலே ரப்பர் ஸ்டாம்ப் கிடைக்குமே, என் பேரிலே ஒண்ணு அடிச்சு வெச்சுக்கறதுதானே?"

எம்.டி. கல்யாணராமன் சிரித்தார். வலியசாலையில் ராஜஸ்ரீயின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர். அவள் பாவாடை சட்டை போட்ட நாளிலிருந்து பார்த்தவர் என்பதால், அவளுடைய நாற்பத்து மூன்று வயதும், கிள்ளிப்பாலத்து மாடியில் தொங்கும் துப்பறியும் நிறுவனத்தின் போர்டும் அவர் கண்ணில் படுவதே இல்லை.

"கோச்சுக்காதேடி ராஜி. நீ பத்து வருஷம் கம்ப்யூட்டர் ஆடிட் பண்ணினவ. நீ ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா போலீஸ் மறுபேச்சு பேசமாட்டா. அதான் சிரமம் வேண்டாம்னு நானே டைப் அடிச்சு வெச்சுட்டேன்."

மேஜைமேல் இரண்டு பக்க அறிக்கை இருந்தது. அடியில் அவள் பெயர். பெயருக்கு மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். கண்டுபிடிக்க வேண்டியதை எல்லாம் கண்டுபிடித்தாயிற்று, கண்டுபிடித்தவள்தான் இன்னும் வரவில்லை என்பதுபோல.

அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்ற உதவியாளன் பிரஜின் எட்டிப் பார்த்தான். களியக்காவிளைக்காரன். சம்பளம் தாமதமானாலும் பேச்சு தாமதமாகாது. "கொள்ளாம் சேச்சி. இனி நம்ம ஆபீஸைப் பூட்டிட்டு வீட்டுல இருந்து சீரியல் பாக்கலாம்" என்றான்.

"பிரஜின், வாயை மூடு. மாமா, நீங்க சொல்லுங்கோ. என்ன நடந்தது?"

கல்யாணராமன் சொன்னார். லேபுக்கு ஏழு கிளைகள். ஒவ்வொரு கிளையின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் தானாகவே தலைமை அலுவலக சர்வருக்கு வந்து சேரும். கொண்டுவந்து சேர்ப்பதற்கென்றே ஒரு சர்வீஸ் அக்கவுண்ட். அது மனிதர்கள் உள்ளே நுழைவதற்கானது அல்ல, மெஷின்கள் தங்களுக்குள் வேலை செய்துகொள்வதற்கானது. அதை உண்டாக்கியவள் கான்ட்ராக்டில் இருக்கும் ஜெயஷீலா என்ற பெண். போன வெள்ளிக்கிழமை மதியம் அதே அக்கவுண்ட் உள்ளே புகுந்து, வித்துராவில் தொழிலாளர்களுக்குப் போட்ட மருத்துவ முகாமில் எடுத்த அறுநூற்று நாற்பது பேரின் ரிப்போர்ட்டுகளை, அவற்றின் பிரதிகளோடு சேர்த்துத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறது. வருகிற திங்கட்கிழமை தொழிலாளர் துறை அதிகாரிகள் அந்த ரிப்போர்ட்டுகளைப் பார்க்க வருகிறார்கள்.

"நாலு மணிக்கு சைபர் போலீஸ் வரா. பொண்ணைக் கையோட அழைச்சுண்டு போயிடுவா. நீ கையெழுத்துப் போட்டா எனக்கும் கவலை விட்டது."

"அவதான் பண்ணினான்னு எதை வெச்சு முடிவு கட்டினேள்?"

"சர்வரோட லாக் பதிவுல அந்த அக்கவுண்ட் பேருதான் இருக்கு மேடம்" என்றான் சுவரோரமாக நின்றிருந்த ஐ.டி. தலைவர் மகேஷ்குமார். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. பேசும்போது பார்வை தரையைவிட்டு மேலே வரவில்லை.

"அதுக்கு மேலே ஒண்ணு இருக்கு" என்று கல்யாணராமன் இழுப்பறையிலிருந்து பழுப்புநிறக் கவர் ஒன்றை எடுத்தார். "இந்த ஆபீஸ்லே அதிகாரம் உள்ள எந்த அக்கவுண்டா இருந்தாலும், பாஸ்வேர்டை ஒரு தாள்லே எழுதி, கவர்லே போட்டு ஒட்டி, ஒட்டின இடத்துக்குக் குறுக்கே கையெழுத்துப் போட்டு அலமாரியிலே வெச்சாகணும். இருபது வருஷமா என் ரூல். அலமாரிச் சாவி எங்கிட்டே ஒண்ணு, மகேஷ்கிட்டே ஒண்ணு. இது ஜெயஷீலா வெச்ச கவர். கையெழுத்தைப் பார், கலையவே இல்லே. நீ சாட்சியா இருக்கணும்னுதான் இத்தனை நாள் பிரிக்காம வெச்சிருந்தேன்."

கவரின் தலைப்பக்கத்தைக் கத்தரித்து, உள்ளே இருந்த தாளை எடுத்து நீட்டினார். ராஜஸ்ரீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பெரிய எழுத்துக்களில் லேபின் பெயர், அதையொட்டி ஒரு அட் குறி, அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று.

"எங்க மாமன் வீட்டு வைஃபைக்கும் இதே மாதிரிதான்" என்றான் பிரஜின். "மாமன் பேரு, ஒண்ணு ரெண்டு மூணு. அக்கம்பக்கத்துல எட்டு வீடு அதுலதான் ஓடுது."

"பாத்தியா?" என்றார் கல்யாணராமன். "கவர் பிரியலே. அப்போ இந்தப் பாஸ்வேர்டு லோகத்துலே அவ ஒருத்திக்குத்தான் தெரியும். வேற யார் பண்ணியிருக்க முடியும்?"

பேச்சில் ஓட்டை இல்லை. ஆனால் தாளை மேஜையில் வைக்கும்போது ராஜஸ்ரீ தற்செயலாக மகேஷ்குமாரைப் பார்த்தாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் இப்போது தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. திருடன் பிடிபட்டால் மற்றவர்களுக்கு வரவேண்டிய நிம்மதி அந்த முகத்தில் இல்லை.

"பொண்ணைப் பாக்கணும்" என்று எழுந்தாள்.

"எதுக்கு? அழுவா. நேரம் போயிடும்."

"என் பேரை அடியிலே போட்டிருக்கேளே மாமா. மேலே என்ன எழுதியிருக்குன்னு நான் தெரிஞ்சுக்க வேண்டாமா?"

ஜெயஷீலாவைக் கீழ்த்தளத்து ஸ்டோர் ரூமில் உட்கார வைத்திருந்தார்கள். கையுறைப் பெட்டிகளும் ரத்தக்குழாய்ப் பெட்டிகளும் கூரைவரை அடுக்கியிருந்தன. காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். போனைப் பிடுங்கி எம்.டி.யின் இழுப்பறையில் வைத்துவிட்டார்கள். இருபத்தாறு வயதிருக்கும். எம்.டி. சொன்னதுபோல் அழவில்லை. கதவு திறந்ததுமே சீறினாள்.

"நீங்களும் பாஸ்வேர்டு கேக்கத்தானே வந்தீங்க? காலையில இருந்து மூணு பேரு கேட்டாச்சு. இல்லாத ஒண்ணை நான் எங்க போய் எடுத்துத் தருவேன்?"

"இல்லாததா?"

"ஆமா மேடம். அது மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுண்ட். அதுக்கான பாஸ்வேர்டை தலைமை சர்வரே உண்டாக்கும். யாராலும் அடிக்க முடியாத நீளம். முப்பது நாளைக்கு ஒருக்க அதுவே மாத்திக்கும். எனக்கும் தெரியாது, எம்.டி.க்கும் தெரியாது, ஒரு மனுசனுக்கும் தெரியாது. அதுக்குத்தானே அதை வைக்கது! முன்ன இருந்த அக்கவுண்டுக்குப் பாஸ்வேர்டை, ஏழு கிளை, தலைமை ஆபீஸ்னு எட்டு மெஷின்லயும் கையால போட்டு வச்சிருந்தாங்க. ஆளு ஆளுக்குத் தெரியும். அது வேண்டாம்னு நான் ஒவ்வொரு கமாண்டா அடிச்சு இதைக் கொண்டுவந்தேன். முதல்ல ஒரு மூலச்சாவி உண்டாக்கி, அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேர பத்து மணிக்கூர் காத்திருந்து, அப்புறம் அக்கவுண்டை உண்டாக்கி, எட்டு மெஷின்லயும் போய் நாட்டி... நல்லது செஞ்சதுக்கு இப்பம் இந்தப் பெட்டிமேல இருக்கேன்."

ராஜஸ்ரீக்கு உள்ளங்கை சூடாயிற்று. மேலே அந்த இரண்டு பக்க அறிக்கையில் 'சர்வீஸ் அக்கவுண்ட்' என்று மட்டும்தான் போட்டிருந்தார்கள். எந்த வகை என்று கேட்காமல் இருந்தது அவள் தப்பு. மங்கையர் மலரில் கோலம் பார்ப்பதுபோலத் தாளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். தன் மேலேயே வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப கவர்ல இருக்கிறது?"

"கவர்ல கையெழுத்து என்னோடதுதான். உள்ள வெறும் பேப்பர். கவர் இல்லாம அக்கவுண்டுக்கு அனுமதி கிடையாது, எம்.டி. கவரை எண்ணிப் பார்ப்பாருன்னு சொன்னாங்க. எழுதுறதுக்கு ஒண்ணும் இல்ல, அதனால வெள்ளைத்தாளை மடிச்சு வச்சு ஒட்டினேன்."

பிரஜின் விசிலடிக்க வாயைக் குவித்துவிட்டு, ராஜஸ்ரீயின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான்.

"சரி. அந்த அறுநூத்தி நாப்பது ரிப்போர்ட்டுல என்ன இருந்தது? துடைச்சவனுக்கு அதுமேல என்ன கோபம்?"

ஜெயஷீலாவின் குரல் இறங்கியது.

"எங்க அம்மைக்க ரிப்போர்ட்டும் அதுல உண்டு மேடம். வித்துராவுல ஒரு ஹோட்டல் அடுக்களையில வேலை. எஸ்டேட் ஆளுகளுக்கும் ஹோட்டல் ஆளுகளுக்கும் சேர்த்துத்தான் அந்த முகாம் போட்டாங்க. ரெண்டு மாசமா அம்மைக்குக் கால் வீங்குது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னா, 'உங்க லேபுலயே பாத்தாச்சே மக்களே, எல்லாம் நார்மல்னு வந்திருக்கே'ன்னு சொல்லுது. நார்மல்னா பின்ன ஏன் வீங்குதுன்னு நான் எல்லா ரிப்போர்ட்டையும் எடுத்துப் பார்த்தேன். முதல் இருபது பேருக்கு என்ன நம்பரோ, அதே வரிசையில அடுத்த இருபது பேருக்கும். அதுக்கு அடுத்த இருபது பேருக்கும். அறுநூத்தி நாப்பது பேருக்கும் அப்படித்தான். யாருக்க ரெத்தத்தையும் பாக்கவே இல்ல. நம்பரை அடிச்சு விட்டிருக்காங்க."

ராஜஸ்ரீ கண்ணாடியைக் கழற்றினாள். வைக்க மேஜை இல்லாததால் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இதை யார்கிட்ட சொன்னே?"

"மகேஷ் சார்கிட்ட மட்டும். போன புதன்கிழமை. வெள்ளிக்கிழமை எல்லாம் போச்சு."

புதன் சொன்னாள், வெள்ளி போனது. நடுவில் ஒரே ஒரு நாள். "பாஸ்வேர்டு இல்லாம அந்த அக்கவுண்டை எப்படி உபயோகிச்சிருப்பாங்க?"

"அதுக்கு ஒரு வழிதான் உண்டு. எந்தெந்த மெஷின் அந்த அக்கவுண்டை எடுக்கலாம்னு ஒரு லிஸ்ட் இருக்கு. நான் எட்டு மெஷின் போட்டேன். ஒன்பதாவதா ஒண்ணைச் சேர்த்தா, அதுல இருந்து எந்த வேலையும் செய்யலாம். ஆனா சேர்த்த உடனே நடக்காது. அந்த மெஷினை ஒருக்க அணைச்சு எழுப்பணும். அப்பத்தான் தனக்கு உரிமை வந்திருக்குன்னு அதுக்கே தெரியும்."

"போன வியாழக்கிழமை எந்த மெஷின் அணைஞ்சு எழும்பிச்சு?"

"ஒண்ணும் இல்ல மேடம். இங்க எந்த சர்வர் நின்னாலும் கீழ கூட்டம் கூடிடும், சத்தம் வரும். நானும் யோசிச்சுப் பாத்துட்டேன்."

பிரஜின் தொண்டையைக் கனைத்தான். "சேச்சி, சத்தம் வந்த மெஷின் ஒண்ணு உண்டு. நீங்க சண்டை போட மேல ஓடினப்ப, நான் கேட்டுல வண்டிய வச்சிட்டு செக்யூரிட்டி அண்ணாச்சிகிட்ட ரெண்டு வார்த்தை பேசினேன். அவரு ரெண்டுக்குப் பதிலா இருநூறு பேசினாரு. போன வியாழக்கிழமை கேமரா எல்லாம் கறுத்துப் போச்சாம். அதுக்கு அவருக்கு மெமோவாம்."

"இதை ஏண்டா முன்னாடியே சொல்லலை?"

"வாயை மூடச் சொன்னீங்க. மூடினேன்."

ராஜஸ்ரீ படியேறுவதற்குள் மூன்று மணி அடித்துவிட்டது.

கேட்டருகே இருந்த காவல் அறையில் பேச்சிமுத்து மெமோவைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், பதினோரு வருட சர்வீஸ். கேட்டவர்களுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டுவதற்கென்றே வைத்திருந்தார்போல.

"பாருங்கம்மா, 'கவனக்குறைவு'ன்னு எழுதியிருக்காவ. நான் என்னத்தத் தொட்டேன்? வியாழக்கிழம மத்தியானம் ஒண்ணரை மணி. டீ குடிக்கலாம்னு எழுந்திருக்கேன், பதினாறு கேமராவும் போச்சு. ஏழு நிமிசம் கழிச்சு அதுவா வந்துச்சு. மறுநா காலையில மெமோ."

"அப்ப இந்த ரூமுக்குள்ள யார் இருந்தா?"

"நானும் மகேஷ் சாரும்தான். அவருதான் இந்தப் பொட்டியில என்னமோ அடிச்சிக்கிட்டு இருந்தாரு. மெமோவும் அவருதான் தந்தாரு. கேட்டா, எழுதச் சொன்னதை எழுதினேம்ங்காரு."

மேஜைக்கடியில் தூசி படிந்து கிடந்தது கேமராப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் சர்வர். பேச்சிமுத்து திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவர் என்பதால் அதை யாரும் பூட்டுவதில்லை. ராஜஸ்ரீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவருடைய ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கறுப்புச் சாளரம் ஒன்றைத் திறந்து ஒரே ஒரு வரிக் கட்டளை அடித்தாள். இந்த மெஷினுக்கு அந்த அக்கவுண்டை எடுத்து உபயோகிக்க உரிமை உண்டா, இல்லையா என்று கேட்கும் வரி அது. கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெட்டிக்கு ரிப்போர்ட் சர்வீஸில் என்ன வேலை? இல்லை என்றுதான் பதில் வரவேண்டும்.

'ட்ரூ' என்று வந்தது.

"அம்மே!" என்றான் பிரஜின்.

அடுத்து, நேரம் குறித்து வைத்த வேலைகளின் பட்டியலைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு ஓடிய வேலை அதில் அப்படியே இருந்தது, அந்த அக்கவுண்டின் பெயரில். செய்தவன் அழிக்கவில்லை. மறந்துவிட்டானா, அழிக்க மனசு வரவில்லையா என்று அவளுக்குப் புரியவில்லை. செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

"மகேஷ்குமார்தான், இல்லையா சேச்சி? ஆளைப் பாத்தா கடவுளுக்கு நேந்துவிட்ட கோழி மாதிரி இருக்கான்."

ராஜஸ்ரீ படியை நோக்கி நடந்தாள். எல்லாம் சரியாகத்தான் வந்து பொருந்துகிறது. ஜெயஷீலா அவனிடம்தான் சொன்னாள். மெஷினைச் சேர்த்தவன் அவன். அலமாரிச் சாவியும் அவனிடம் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளைப் பார்த்ததும் ஏன் அவன் தொண்டை ஏறி இறங்கியது? தான் எழுதியதைப் பார்த்து யாராவது திடுக்கிடுவார்களா?

படியில் பாதி ஏறியவள் நின்றாள். பிரஜின் முதுகில் மோதிக்கொண்டான்.

"ஜெயஷீலாவைக் கூட்டிண்டு மேலே வா. யாராவது தடுத்தா, நான் சொன்னேன்னு சொல்லு. மறுபடியும் தடுத்தா, உன் வாயைத் திற."

எம்.டி. அறையில் மணி மூன்றே முக்கால். காபி வந்திருந்தது. அறிக்கைக்குப் பக்கத்தில் மூடி திறந்த பேனா தயாராக இருந்தது. ராஜஸ்ரீ உட்காரவில்லை. செல்போனை மகேஷ்குமாரின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"கேமரா மெஷினை அந்த லிஸ்ட்ல சேர்த்தது நீங்கதானே?"

மகேஷ்குமார் படத்தைப் பார்த்தான். "...ஆமா மேடம்."

"அடப்பாவி!" கல்யாணராமன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நீயா? உப்புப் போட்டு வளர்த்த கையைக் கடிச்சியேடா! ராஜி, அந்த ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போடு. போலீஸ் வந்ததும் இவனையே..."

"இருங்கோ மாமா. இன்னும் முடியலே." அவள் மகேஷ்குமாரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வேலையைக் கேமரா மெஷின்ல குறிச்சு வெச்சீங்களே, அப்ப என்ன பாஸ்வேர்டு குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலை. காலியா விட்டேன். அந்த அக்கவுண்டுக்குப் பாஸ்வேர்டு கேக்காது."

"அப்ப இந்தத் தாள்ல எழுதியிருக்கிறது என்ன?"

மகேஷ்குமாரின் கண் ஒரு கணம் கல்யாணராமன் பக்கம் போய்த் திரும்பியது.

"நான் எழுதலை மேடம். சத்தியமா நான் எழுதலை. அதுல வெறும் பேப்பர் வைக்கச் சொன்னதே நான்தான். 'சார் கவரை எண்ணுவாரு, பிரிக்கமாட்டாரு, வெள்ளைத்தாளைப் போட்டு ஒட்டு'ன்னு ஜெயஷீலாகிட்ட சொன்னேன். இன்னிக்கு அதுல எழுத்தைப் பாத்ததும் எனக்கு..."

ராஜஸ்ரீ கவரை எடுத்துத் திருப்பிப் பார்த்துக் கல்யாணராமனின் காபிக்குப் பக்கத்தில் தலைகீழாகப் போட்டாள்.

"மேல்பக்கம் கையெழுத்து கலையலே. வாஸ்தவம். அடிப்பக்கத்தைப் பாருங்கோ. பிரிச்சு மறுபடியும் ஒட்டியிருக்கு, பசை வெளியிலே பிதுங்கியிருக்கு. மகேஷ் இதைச் செய்யமாட்டான் மாமா. அவன் கோழை, அயோக்கியன், எல்லாம்தான். ஆனா அந்த அக்கவுண்டுக்குப் பாஸ்வேர்டு கிடையாதுன்னு அவனுக்குத் தெரியும். கிடையாதுன்னு தெரிஞ்சவன் ஒண்ணை எழுதி வெச்சு மாட்டிப்பானா?"

கல்யாணராமன் கவரைப் பார்த்தார். தொடவில்லை.

"இதை எழுதினவருக்கு மெஷின் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா ஒண்ணுலே அசைக்க முடியாத நம்பிக்கை. அக்கவுண்ட்னு இருந்தா பாஸ்வேர்டு இருந்தே ஆகணும், அது கவர்லே இருந்தே ஆகணும். பொண்ணு ஒருத்திக்குத்தான் தெரியும்னு நிரூபிக்கறதுக்கு முன்னாடி, எதுக்கும் ஒரு தடவை உள்ளே பாத்துடலாம்னு அடியைப் பிரிச்சார். வெள்ளைத்தாள். பொண்ணு ஏமாத்திட்டா, பாஸ்வேர்டை எழுதாம மறைச்சுட்டான்னு நினைச்சார். வெள்ளைத்தாளோட போலீஸ் முன்னாடி நிக்க முடியுமா? அதனாலே அவளுக்குப் பதிலா தானே ஒண்ணை எழுதிட்டார். இருபது வருஷமா அந்த ரூலை மனசார நம்பற ஆள் இந்த ஆபீஸ்லே ஒருத்தர்தான் இருக்கார்."

மகேஷ்குமார் சுவரில் சாய்ந்தான்.

"ஜெயஷீலா சொன்னதை நான்தான் சார்கிட்ட சொன்னேன் மேடம்" என்றான். "அவளை வேலையைவிட்டு எடுத்தா போதும்னு நினைச்சேன். இவரு, எல்லாத்தையும் துடைக்கணும், அதுவும் அவ உண்டாக்கின அக்கவுண்ட்லயே துடைக்கணும்னாரு. செஞ்சேன். போலீஸ்வரைக்கும் போகும்னு நினைக்கலை."

"ராஜி." கல்யாணராமனின் குரல் முதல்முறையாக இளகியது. "கேளு. ரத்தத்தைப் பரிசோதனை பண்ற மருந்து வந்து சேரலேடி. முகாமுக்குத் தேதி குறிச்சாச்சு, பெரிய மனுஷாளெல்லாம் வந்து விளக்கேத்தியாச்சு. அன்னிக்கு இல்லேன்னு சொல்ல முடியுமா? அவாளும் தெம்பா நடமாடறவாதானே. நார்மல்னு குடுத்தா சந்தோஷமா போயிடுவான்னு..."

ராஜஸ்ரீயின் கண்ணாடி முகத்திலேயே இருந்தது. இந்த முகத்தை மங்கலாக்கிக்கொள்ள அவளுக்கு இஷ்டமில்லை.

"சந்தோஷமா போயிடுவாளா? அறுநூத்தி நாப்பது பேர் கையிலே ஊசியைக் குத்தி எடுத்துண்டு, உங்க பேனாவாலே ஆரோக்கியம் குடுத்தேளா? நாலு வீடு தள்ளி இருக்கேன், மாமா மாமான்னு கூப்பிடறேன்னு, அந்தப் பொண்ணை ஜெயிலுக்கு அனுப்பற காகிதத்திலே என் கையெழுத்தைக் கேட்டேளே. தெருவிலே வேற முட்டாள் கிடைக்கலையா உங்களுக்கு?"

இரண்டு பக்க அறிக்கையை நாலாகக் கிழித்தாள். அவசரமில்லாமல், ஒவ்வொரு கிழிசலாக. அப்புறம் அவர் மேஜையிலிருந்தே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நின்றபடியே எழுதினாள். பார்த்தது என்ன, எந்த மெஷின், எத்தனை மணி, கவரின் அடிப்பக்கம். அடியில் கையெழுத்துப் போட்டாள்.

கதவு திறந்தது. பிரஜினுக்கு முன்னால் ஜெயஷீலா வந்தாள். அவர்களுக்குப் பின்னால் காக்கிச் சட்டையில் சைபர் பிரிவு எஸ்.ஐ. "மேடம், ஆரா பிரதி?" என்று மலையாளத்தில் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், அறை இருந்த கோலத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றார். ராஜஸ்ரீ தாளை அவர் கையில் கொடுத்தாள். யார் குற்றவாளி என்று அதில் இரண்டாவது வரியிலேயே இருந்தது.

எஸ்.ஐ. படித்துக்கொண்டிருந்தபோது ஜெயஷீலா மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் கல்யாணராமனின் முகத்துக்கு நேரே வந்தது.

"சார், வேலை போனா போட்டும். எங்க அம்மைக்க ரெத்தத்தை எடுத்தீங்களே, ரெண்டு குழாய் நிறைய. அதை எங்க கொண்டு போட்டீங்க?"

கல்யாணராமன் கண்ணாடி டம்ளரில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க சார். எங்க?"

"வித்துரா பிராஞ்சுல" என்றான் மகேஷ்குமார், சுவரைப் பார்த்து. "பின்பக்கத்து வாஷ்பேசின்ல. எல்லாத்தையும்."

ஜெயஷீலா கை நீட்டினாள். ஒரு கணம் அவள் அடிக்கப்போகிறாள் என்றே ராஜஸ்ரீ நினைத்தாள், அடித்தால் தடுக்கக்கூடாது என்றும் நினைத்தாள். ஆனால் அவள் கை எம்.டி.யின் இழுப்பறைக்குப் போயிற்று. காலையில் பிடுங்கி வைத்த தன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நம்பரை அழுத்தினாள். ஹோட்டல் அடுக்களைச் சத்தம் போனுக்கு வெளியேயும் கேட்டது.

"அம்மா, நான்தான். அடுப்பை வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டு இப்பமே பஸ் ஏறு. தம்பானூர் ஸ்டாண்டுல நான் நிப்பேன், அங்க இருந்து நேரா மெடிக்கல் காலேஜ்... இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான். அந்த ரிப்போர்ட்டை விடு அம்மா. அது உனக்குள்ளது இல்ல." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "உனக்க ரெத்தத்தை இதுவரைக்கும் யாருமே பாக்கல அம்மா."